வீட்டுக்கு எடுத்துப்போன போர்டுகள்

அம்மா இருந்தாள், கட்டிலில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கவுஸ் பாய் இருந்தார். கேம் கடைக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் டீக்கடை வைத்திருந்தவர். கேம் கடை முதலாளி இருந்தார், பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு. அவருடைய மகன் குமார் இருந்தான், செல்போனைத் தடவிக்கொண்டு. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஷூ கம்பெனி அட்டைப்பெட்டி. அதற்குள் பதினாலு போர்டு.

அப்பா இல்லை. அவர்தான் இருந்திருக்க வேண்டும்.

போன வாரம் குமார் வந்தான், ரிப்பேர் தெரிந்த ஆள் என்று யாரோ சொன்னதை வைத்து. அவர்களுடைய ஆம்பூர் வீட்டை இடிக்கிறார்களாம். பரணில் இந்தப் பெட்டி இருந்ததாம். பெங்களூரில் ஒருவர் பழைய கேம் போர்டு வாங்குகிறாராம்.

"வேல செய்யுதான்னு மட்டும் பாத்து சொல்லுண்ணா. இன்னா கேக்கறியோ குடுக்கறேன்."

அவனுக்கு நான் யாரென்று தெரியவில்லை. அப்போது அவன் பிறக்கவே இல்லை.

"காசு வேணாம். உங்க அப்பா வரணும். அவரு முன்னாலதான் பாப்பேன்" என்றேன்.

அந்தப் பெட்டி பரணில் இருந்தது என்று கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

உங்களில் பாதிப் பேருக்கு போர்டு என்றால் புரியாது. காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் கேம் பெட்டி பார்த்திருப்பீர்கள். பெட்டி வெறும் மரம்தான். உள்ளே தாம்பாளம் அளவுக்கு ஒரு பச்சைப் பலகை இருக்கும். கேம் முழுக்க அதில்தான். பலகையை மாற்றினால் சண்டை கேம், பைக் கேமாகிவிடும். பலகையின் ஓரத்தில் செப்புக் கோடுகள், சீப்புப் பல் போல. அந்தப் பல்லைக் கனெக்டரில் சொருகினால் உயிர் வரும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. முதலாளி கடையில் பெட்டி ரிப்பேர் வேலை. போர்டை மாற்றிப் பார்ப்பதற்காக ஓடுகிற பெட்டியை நிறுத்தினால் திட்டுவார். அதனால் போர்டை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவேன். அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். இதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் நான் செய்துவைத்திருந்தது பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரின் பவர் சப்ளை. ஒரு பிளாக் அண்ட் ஒயிட் டிவி. பட்டனுக்குக் காலிங் பெல் சுவிட்ச் எட்டு. அவற்றை ஷூவுக்கு அடித்தோல் வெட்டும் கனத்த தோல் துண்டில் ஓட்டை போட்டு மாட்டியிருந்தேன். கடையில் கலர் கலராக ஓடும் கேம் என் வீட்டில் சாம்பல் கலரில் ஓடும். நான் அதிகம் ஆடியது அந்தச் சாம்பல் கலரில்தான். பெரிய ஆட்டக்காரன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்து அதைக் கெடுத்தாள். அவள் பேரணாம்பட்டுக்காரி, சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறவள். ஒருநாள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "தள்ளுடா, நானும் குத்தறேன்" என்று உட்கார்ந்தாள். நான் ஒரு குத்து விடுவதற்குள் அவள் நாலு குத்து விட்டாள். மூன்று ஆட்டமும் தோற்றேன்.

"இன்னாடா இது, ஒரு கட்டு பீடிக்கே இத விட ஜாஸ்தி வேல" என்றாள்.

அப்பா சிரித்தார். அவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிறகு போர்டுகள் சாக ஆரம்பித்தன. புதிதாக வந்த போர்டு ஏழெட்டு மாதம் ஓடும். பிறகு படம் கிழியும், கோடு விழும், இருட்டாகிவிடும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பேன். சில உயிர் பிழைக்கும். சில பிழைக்காது. எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

பதினாலு போர்டு செத்ததும் முதலாளி ஆளைக் கூட்டினார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

"நல்ல போர்ட வூட்டுக்கு எத்துக்கினு போறான். திரும்பி வர்றது பொணம். நல்லத வித்துட்டு செத்தத வெக்கறான்."

வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பீடி இலையைக் கொட்டித் தேடினார்கள். அரிசியைக் கொட்டித் தேடினார்கள். ஒன்றும் இல்லை. விற்றுவிட்டான் என்பதற்கு அதையே சாட்சி ஆக்கினார்கள்.

அப்பாவை டேனரியிலிருந்து அழைத்து வந்தார்கள். கையில் சுண்ணாம்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "எம் பையன் எடுக்கல சார்" என்றார். ஒரே ஒரு முறை. கவுஸ் பாய் மட்டும் அவருக்கு ஒரு டீ கொடுத்தார். அதை அவர் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார்.

"எடுத்தியாடா?"

"இல்லப்பா."

"சரி."

பிறகு அவர் கேட்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு முறை கேட்டுவிட்டார். திங்கட்கிழமை என்னையும் டேனரி வேலைக்குக் கூட்டிப்போனார். ஊரில் எனக்கு இரண்டு வருடம் 'போர்டு திருடன்' என்று பெயர்.

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, மாதனூர் பக்கம் ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். தையல் மிஷின் ஒன்று நின்றுவிட்டது. சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தார். சின்னப் பையன். மிஷினுக்குள் இருந்த கார்டை உருவினார், அதுவும் போர்டு மாதிரிதான். செப்புப் பல் எல்லாம் கரிக்கட்டை மாதிரி இருந்தது. ஸ்கூல் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரை எடுத்துத் தேய்த்தார். சொருகினார். மிஷின் ஓடியது.

"உங்க ஊர் காத்துங்க. டேனரி வாயு. செம்பு, வெள்ளி எதையும் விடாது."

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

எங்கள் தெருவில் எந்தப் பெண் காலிலும் கொலுசு வெள்ளையாக இருந்ததில்லை. அம்மா வாராவாரம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாள். ஊருக்கே தெரியும், இங்கே எல்லாம் கறுக்கும் என்று. கொலுசு கறுத்ததற்கு யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. போர்டு கறுத்ததற்கு மட்டும் என்னைச் சொன்னார்கள்.

நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். போர்டுகளைக் கேட்டேன். தேய்த்துக் காட்டுகிறேன் என்றேன்.

"அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சுப்பா. சும்மா பேஜார் பண்ணாத, போ."

பரணில் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும்.

இப்போது எல்லோர் முன்னாலும் முதல் போர்டை எடுத்தேன். பல் கறுப்பு. ரப்பர் என் மகளுடையது, ஒரு முனை கடித்தது. இரண்டு பக்கமும் தேய்த்தேன். பலகையில் சொருகியிருந்த ஐசி சில்லுகளையும் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, கம்பிக் கால்களைத் தேய்த்து உட்கார வைத்தேன். அதே தோல் துண்டு, அதே பெல் சுவிட்ச். டிவி மட்டும் வேறு, பக்கத்து வீட்டார் தூக்கிப்போட்ட பழைய கலர் டிவி. எழும்பாவிட்டால் இன்னொரு முறை நான் திருடன், அதே ஆட்கள் முன்னால்.

எழும்பியது. பைக் கேம். சத்தம் வீட்டை நிறைத்தது.

குமார், "செம!" என்றான்.

இரண்டாவது. மூன்றாவது. நாலாவதாகச் சண்டை கேம். அம்மா கட்டிலிலிருந்து இறங்கி, தோல் துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இப்போது வளைந்துவிட்டது. முதல் ரவுண்டிலேயே தோற்றாள்.

"கலரா கீதே இது" என்றாள்.

எட்டாவது எழும்பியபோது முதலாளி தொண்டையைச் செருமினார்.

"காத்துதான் காரணம்னு அப்ப யாருக்குப்பா தெரியும்?"

அம்மா திரும்பவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியலன்னா வாய மூடிக்கினு இருந்திருக்கணும்."

கடைசிப் போர்டு எழும்பவில்லை. மறுபடி தேய்த்தேன். எழும்பவில்லை. அடியில் ஒரு இடம் கருகியிருந்தது.

"அது இன்னா ஆச்சு?" என்றார் முதலாளி. ஷட்டரைப் பாதி இறக்கிய அன்றைய அதே குரல்.

கவுஸ் பாய் எழுந்தார். "மொதலாளி, போதும்" என்றார். முப்பத்து மூன்று வருடம் தாமதமாக. இருந்தாலும் சொன்னார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பெட்டிகளை விறகுக்கு உடைத்தார்கள். சாம்பல் கலர் டிவியை எந்த மழையில் வெளியே போட்டோம் என்று நினைவில்லை. அப்பா வேலை செய்த டேனரி மூடிக் கிடக்கிறது, குழிகளில் மண். கொலுசுகூட இப்போது அவ்வளவு கறுப்பதில்லை என்கிறார்கள். எனக்கான சாட்சி என்று மிச்சமிருந்தது இந்தப் பெட்டிதான். அதுவும் சாயங்காலம் பெங்களூருக்குப் போகிறது.

குமார் பெட்டிக்கு டேப் ஒட்டினான். மேலே எழுதப் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டான்.

"மொத்தம் எத்தனண்ணா வேல செய்யுது?"

முதலாளிக்குக் காது மந்தம். அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"பதிமூணு."