பெண் வரிசையில் விரிந்த பூ

போன வாரம், கொட்டுகிற மழையில் தலைக்கு பிளாஸ்டிக் கோணி போட்டுக்கொண்டு மக்காச்சோளத்துக்குப் பூ பிடுங்கினேன். நானாகவா போவேன்? வேடிக்கை பார்க்கப் போனவளை இழுத்து இறக்கிவிட்டாள் மேரி!

மேரி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. மரக்காணம் உப்பளத்தில் வேலை. மழைக்காலத்தில் அங்கே வேலை கிடையாது. அதனால் இந்த வருஷம் மேற்கே ஓர் ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, ஒரு கம்பெனிக்காக வீரிய ஒட்டு விதை போட்டிருக்கிறாள்.

செடிகளைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சோனி சோனியாக, என் தோளுக்குக்கூட வரவில்லை. இதற்கா வீரியம் என்று பெயர்?

"அப்பா அம்மா ரெண்டும் நோஞ்சான்தான்க்கா. புள்ளையப் பாருங்க... ஆளை மறைக்கும். கதிரு கைக்கு அடங்காது" என்றாள்.

விஷயம் இதுதான். தனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்து வளர்த்த இரண்டு ரகங்கள். தனியாக இருந்தால் இரண்டும் மெலிசு. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் பிறக்கிற பிள்ளை திமிறிக்கொண்டு வளரும், மணி அள்ளும். வயலில் ஒன்றை ஆண் வரிசையாகவும் மற்றதைப் பெண் வரிசையாகவும் நடுவார்கள்; விதை எடுப்பது பெண் வரிசையில். ஆனால், பெண் வரிசைச் செடியின் உச்சியிலும் ஆண் பூ வரும். அது விரிவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அந்த மகரந்தமே கதிரில் விழுந்து, மறுபடியும் நோஞ்சான்!

"இந்த மழையில எவன் வருவான்? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் மேரியின் கணவர் அந்தோணி.

"மழை விட்டு வெயில் வந்தா பூவு விரிஞ்சு தூளு கொட்டிடும்யா. நாளைக்கு வந்து எதைப் புடுங்கறது?"

போன் போட்டாள். உப்பளத்துத் தோழிகள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். சேறு முழங்காலை இழுத்தது. சோளத்தோகை என் கையெல்லாம் கீறியது. மேரி நிமிரவே இல்லை.

வேலை முடிகிற நேரம்... வாய்க்கால் ஓரம் சாய்ந்து கிடந்த பெண் வரிசைச் செடிகளில் பூ விரிந்திருந்தது. விரிந்து சில நாளாகியிருக்கும். சுற்றிலும் கதிர்களில் மகரந்தத்தை வாங்குகிற பட்டுநூல் தொங்கியது.

அந்தோணி குரலைத் தாழ்த்தினார். "பூவை மட்டும் புடுங்கிப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"வாங்கி வெதைக்கிறவனுக்குத் தெரியும். அவன் வவுத்துல அடிக்கச் சொல்றியா?"

அரிவாளை எடுத்தாள். அந்த மூலை முழுக்க, கதிரோடு வெட்டிச் சாய்த்தாள். அத்தனையும் அவள் வளர்த்த செடி அல்லவா? கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்ற அந்தோணியும் குனிந்து, வெட்டியதைச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

மறுநாளும் வயலுக்குப் போயிருந்தேன். கம்பெனி சூப்பர்வைசர் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே மூலையைக் காட்டினாள் மேரி. "இங்க பூ விரிஞ்சிடுச்சு சார். வெட்டிட்டோம்." அவர் வரிசை வரிசையாக நடந்து, ஆண் வரிசை, பெண் வரிசை எல்லாம் பார்த்து, மிச்சம் உள்ளதை விதைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

'விளைச்சல் அமோகம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாரோ ஒருத்தி கண்ணெதிரே வெட்டி எறிந்தது அதற்குள் இருப்பது நமக்குத் தெரிகிறதா என்ன?

"அடுத்த வருஷமும் போடறீங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

மேரி வாயைத் திறப்பதற்குள் அந்தோணி முந்திக்கொண்டார். "ரெண்டு ஏக்கரா போட்டுடலாம் சார்!"

மேரி திரும்பினாள். "அப்போ பூ எடுக்க முத ஆளா நீதான்யா வரணும்!"

மனுஷர் மறுக்கவில்லை... ஆனால் மெதுவாக நழுவி என் பின்னால் வந்து நின்றுகொண்டார்!