மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் ஒரு லாரி

வைரக்கண்ணுவுக்குச் சிங்கப்பூரில் சொந்தம் என்று சொல்ல ஆள் கிடையாது. புக்கித் தீமா மலையில் உடைத்த கருங்கல்லை மாட்டு வண்டியில் ஏற்றித் தேக்காவுக்குக் கொண்டுவருவது அவன் வேலை. எனக்கும் அதே வேலைதான். வழி நெடுக எங்களோடு வாயடித்துக்கொண்டு வருவான். அறைக்குப் போய்விட்டால் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியதுதான்.

எங்கள் முதலாளி ஒலி முகம்மது லாரி ஒன்று வாங்கி, அவனை ஓட்டப் பழக அனுப்பினார். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. லாரி வந்தால் மாட்டுக்கு என்ன வேலை? காப்பிக் கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் நாங்கள் எழுந்துவிடுவோம்.

லாரியை விற்ற கம்பெனிக்காரன் ஒரு கண்டிப்புச் சொல்லியிருந்தான். எஞ்சின் புதுசு, உள்ளே இரும்போடு இரும்பு உரசிப் படிய வேண்டும். முதல் ஐந்நூறு மைலுக்குப் பாதிப் பாரம், குறைந்த வேகம். மீறினால் இறுகி நின்றுவிடும். குறைந்த வேகம் என்றதற்கு, வைரக்கண்ணு மாட்டு நடைக்கே வந்துவிட்டான். எங்கள் வரிசைக்குக் கடைசியில், நின்று நின்று உறுமிக்கொண்டு வரும் அவன் லாரி.

கடைசி வண்டி அஞ்சப்பனால் சும்மா இருக்க முடியவில்லை. திரும்பிக் கத்தினான்.

"என்ன மாப்ளே, எஞ்சினுக்கு இன்னும் பல்லு முளைக்கலியா?"

"பால் குடிக்கிற புள்ளைப்பா. விரட்டாதே."

"குடிக்கட்டும் லா. முடியலைன்னா சொல்லு, என் செவலையைக் கட்டி இழுக்கிறேன்!"

வரிசை முழுக்கச் சிரித்தோம். இப்படி ஊருகிற சாமானா நம் சோற்றில் கை வைக்கப்போகிறது என்று மனசு லேசானது. காப்பிக் கடை பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டோம். அன்று அவன் பேசிய பேச்சை நிறுத்த ஆள் இல்லை.

ஐந்நூறு மைல் எப்போதோ தாண்டிவிட்டது. அவன் மூச்சு விடவில்லை. முதலாளி கேட்டபோதெல்லாம் "இன்னும் சூடாகுதுங்க" என்றே சொல்லி வந்திருக்கிறான். ஒருநாள் அவரே மலைக்கு வந்து, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"கம்பெனிக்காரன் பாத்துட்டான். எஞ்சின் பதமா இருக்காம். கல்லை முழுசா ஏத்தச் சொல்லு."

ஏற்றினார்கள். எங்கள் வரிசைக்குப் பின்னால் வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான். லாரிக்குள் நடந்த பேச்சு வெகுநாள் கழித்துத்தான் எங்கள் காதுக்கு வந்தது.

"ஹாரனை அடிடா."

"முன்னால நம்ம ஆளுங்க போறாங்க முதலாளி."

"அதுக்குத்தான் அடிக்கச் சொல்றேன்."

அடித்தான். மாடுகள் மிரண்டு ஓரம் ஒதுங்கின. முழுப் பாரத்தோடு அந்த லாரி முக்காமல் முனகாமல் எங்களைத் தாண்டிப் போனது.

"பாத்தியா? இத்தனை நாளும் நடிச்சிருக்கான்டா!" என்று அஞ்சப்பன் காறித் துப்பினான். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். எங்கள் கூட வருவதற்காக ஒருத்தன் அப்படி ஊர்ந்திருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று நாங்கள் ஒரு நடை முடிப்பதற்குள் அவன் மூன்று நடை அடித்தான். எதிரே வரும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னான். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டோம். ஒரு வாரம் போலச் சொல்லிப் பார்த்தான். பிறகு சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான்.