வாழைத்தார் வண்டியில் ஏற்றிய பெட்டிவீடு

இதை எழுத நாலு வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்காருவேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தச்சநல்லூரில் பிக்கப் வண்டிகளுக்கு பாடி கட்டுவது என் தொழில். வெளிநாட்டு வேலை முடித்துத் திரும்பிய வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர் வந்தார். அவர் வீட்டம்மாவுக்கு முதுகெலும்பில் கோளாறு. உட்கார முடியாது, படுத்தேதான் இருக்க வேண்டும். காசியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து, பிக்கப்பின் மேல் தூக்கி வைக்கிற பெட்டிவீடு ஒன்று கேட்டார். எந்த வண்டி வாங்கலாம் என்பதையும் என்னிடமே விட்டுவிட்டார்.

களக்காட்டில் வாழைத்தார் லோடு அடித்துக்கொண்டிருந்த ஒரு வண்டியைக் காட்டினேன்.

"ரெண்டு டன் தார் சுமந்த வண்டி அண்ணாச்சி. ஒங்க பெட்டி ஒரு டன்கூட வராது."

எங்கள் பக்கம் வண்டியின் தெம்பை வாழைத்தாரில்தான் அளப்போம். ஆனால் தார் வண்டியின் பின்தொட்டி முழுக்கப் பரவிக் கிடக்கும். பெட்டிவீடு அப்படியில்லை. ஆள் படுக்க நீளம் வேண்டுமென்று தொட்டிக்கு வெளியே மூன்றடி பின்னால் நீட்டினேன். தண்ணீர் டேங்க்கையும் அந்தக் கடைசியில்தான் வைத்தேன்.

ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கியது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். எல்லோரும் செய்வதுபோல ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். வண்டி மட்டமாக நின்றது, என் மனசும் அடங்கிவிட்டது. தேங்காய் உடைத்து அனுப்பினேன்.

காசிக்கு முன்னால் திருக்குறுங்குடி கோயிலுக்கு ஒரு வெள்ளோட்டம். வளைவில் வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. உள்ளே படுத்திருந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி கரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டியரிங்க ஒடிக்கேன், வண்டி நேராவே போவுது வே. நான் என்ன செய்ய?"

பின் அச்சைத் தாண்டித் தொங்கிய பாரம் முன்பக்கத்தைத் தூக்கி, தரையில் முன்சக்கரத்தின் பிடியைத் தளர்த்திவிட்டிருந்தது. பட்டை பின்பக்கத்தை உயர்த்தும். பாரத்தை முன்னால் நகர்த்தாது. இத்தனை வருஷத் தொழிலில் அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் இதை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மா கண்ணை மூடியபடி என்னிடம் சொன்னார்:

"காசி அங்கனதான் கெடக்கும் அண்ணாச்சி. இனி என்னய எந்தப் பெட்டியிலயும் ஏத்தாதிய."

இன்றுவரை அவர் காசிக்குப் போகவில்லை.

வண்டி எடுக்கப் போகிறவர்கள் கேளுங்கள். பெட்டியின் நடுப்பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழுகிற அளவுக்குத் தொட்டி நீளமாக இருக்க வேண்டும். தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி, எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் தனியாக நிறுத்தி எடை பாருங்கள். வெறும் வண்டியில் இருந்ததைவிட அது குறைந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அண்ணாச்சிக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். வண்டியைக் காட்டியது நான், பட்டை போட்டதும் நான். அவர் சரியாகத்தான் ஓட்டினார்.