ஒரே ஒரு சோற்றுக் கை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என்னுடைய வலது கையை, இறைச்சியை ஊறப்போடுவதுபோல ஊறப்போட்டேன்.

பப்பாசிப் பாலில்.

சிரிக்கிறீர்களா? ஆறுதலாகச் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். இந்தப் பத்தியையே போனில் இடது கையின் ஒற்றை விரலால் குத்திக் குத்தித்தான் எழுதுகிறேன். வலது கை பஞ்சும் துணியுமாகச் சுற்றப்பட்டு மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டுப் போன பார்சல் மாதிரி.

அறுபது தாண்டிய, பேப்பரில் பத்தி எழுதுகிற ஒரு மனிதன் ஏன் இப்படிச் செய்தான்? நியாயமான கேள்வி.

உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே முதலில் ஒரு சின்னக் கட்டிதான் வந்தது. வலி இல்லை. வலிக்காத வருத்தத்தை ஒரு நோயென்று நம்மில் யார் மதிக்கிறோம்? மறுகா, கொஞ்ச நாள் கழித்து, அந்தக் கட்டியிலிருந்து ஒரு நார் கிளம்பியது. தோலுக்கு அடியில் யாரோ நைலோன் கயிறு இழுத்துக் கட்டியதுபோல. அந்தக் கயிறு மோதிர விரலை மெல்ல மெல்ல உள்ளே மடக்கியது. துணைக்குச் சின்ன விரலும் போனது.

பகிடி நிறைய நடந்தது, அதை மறைப்பானேன். முகம் கழுவினால் சொந்த விரல் கண்ணில் குத்தும். பொக்கெட்டுக்குள் விட்ட கை வெளியே வராது. கை குலுக்குகிறவர்கள், நான் ஏதோ இரகசியச் சைகை காட்டுகிறேன் என்று நினைத்து விழிப்பார்கள். ஒரே ஒரு இலாபம்... களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் தீர்த்தம் வாங்கினால் ஒரு துளி சிந்தாது. கை எப்போதும் கிண்ணம்தானே!

ஆனால் நான் சொல்ல வந்தது பகிடி இல்லை.

என் மனைவி கமலா கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம் பாரிசவாதம் வந்து அவளுடைய வலது கை விழுந்துவிட்டது. பேச்சு தப்பிப் பிழைத்தது, கூடவே பிடிவாதமும். இடது கையால் சாப்பிட மாட்டாள். கரண்டியை நீட்டினால், “அது மருந்து குடிக்கிறதுக்கு” என்பாள். எத்தனை பேர் சொல்லியும் அசையவில்லை. இடது கை வாய்க்குப் போகக் கூடாது என்று சின்ன வயதில் யாரோ கையில் தட்டிச் சொன்னது, பாதி உடம்பு போன பிறகும் போகவில்லை.

அதனால் மூன்று வேளையும் நான்தான் ஊட்டினேன். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு வாய்க்கும் சேர்த்து ஒரே ஒரு சோற்றுக் கை.

அதுதான் மூடிக்கொண்டு வந்தது.

மடங்கிய விரல்களோடு சோறு பிசைந்து பார்த்திருக்கிறீர்களா? பாதிச் சோறு விரலுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். மிச்சத்தை மூன்று விரலால் அள்ளிக் கொண்டுபோனால் வழியிலேயே கொட்டும். அவள் மடியைத் துடைப்பேன், அவள் சுவரைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில், முன்பு சாப்பிட்டதில் பாதியிலேயே “போதும்” என்று சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். என் கை களைத்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய சட்டை தோளில் தொங்கத் தொடங்கிய பிறகுதான் நான் கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இளம் பெண் டொக்டர் ஒருவர். என் கையை மேசையில் தட்டையாக வைக்கச் சொன்னார். வைத்தேன். மேசைக்கும் கைக்கும் நடுவே ஒரு எலி ஓடிப் போகலாம்.

“ஐயாட குடும்பத்தில ஒல்லாந்தர் ஆரும் கலந்திருக்காங்களா?”

“என்ன டொக்டர் இப்பிடிக் கேக்கிறீங்க? எங்கட ஆக்கள் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான் ஊரைத் தாண்டினவங்க.”

“வட ஐரோப்பிய ஆக்களுக்குத்தான் இந்த வருத்தம் கூட. எங்கட ஆக்களுக்கும் வரும். சீனி இருக்கா?”

சீனி, அதுதான் நீரிழிவு, இருக்கிறது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். ஒல்லாந்தர் மட்டக்களப்பில் கோட்டையை மட்டும்தான் விட்டுப் போனார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது டொக்டர்?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “முகத்துவாரம் தெரியும்தானே ஐயா? வாவி கடலோட சேர்ற இடத்தில மண் குவிஞ்சு மூடும். மழைக்கு வெட்டி விடாட்டி?”

“வயல் வட்டையெல்லாம் தண்ணிக்குள்ள. வேளாண்மை போச்சு.”

“அதேதான். உடம்பில கொலாஜன் எண்டு ஒரு நார் இருக்கு. அதைக் கட்டுற வேலையும் நடக்கும், சில நொதியங்கள் அதை வெட்டி அகற்றுற வேலையும் நடக்கும். ரெண்டும் சமனா இருந்தாத்தான் சுகம். உங்கட கையில கட்டுறவங்க நிப்பாட்டேல்ல. வெட்டுற நொதியங்களையோ, வேலை செய்ய விடாம வேற சில புரதங்கள் பிடிச்சு வச்சிருக்கு.”

“மண்வெட்டியைப் பறிச்சு வச்சிட்டாங்க எண்டு சொல்லுங்க.”

“ஓம். அதுக்குள்ள இன்னொரு நொதியம் இருக்கு. அது நாரையும் நாரையும் குறுக்கால பிணைச்சு இறுக்கும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். வருத்தம் என்றால் ஏதோ உடைவது, தேய்வது, அழுகுவது என்றுதான் எண்ணியிருந்தேன். இது அப்படி இல்லை. யாரும் எதையும் உடைக்கவில்லை. கட்டியதை அவிழ்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த வகையில் பார்த்தால் என் கைக்கும் கமலாவின் பிடிவாதத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை... இதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

நாரைக் கரைக்கிற நொதியத்தையே ஊசியாக்கி, வெளிநாட்டில் சில இடங்களில் கைக்குள் ஏற்றுகிறார்களாம். இங்கே அது கிடைக்காது. ஒபரேசன்தான். “சுணங்க வேணாம் ஐயா. விரல்ட நடு மூட்டு இறுகிட்டா, மறுகா வெட்டினாலும் முழுசா நிமிராது” என்றார் டொக்டர். திகதியும் தந்தார்.

ஒபரேசன் என்றால் வாரக்கணக்கில் கட்டு. அதுவரை கமலாவுக்கு யார் ஊட்டுவது? வந்தாறுமூலையில் இருக்கும் அவளுடைய தங்கை வந்து நிற்பதாகச் சொன்னாள். கமலா அன்று இரவுச் சாப்பாட்டை இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டாள். தங்கையின் கையால் குழந்தைபோல வாங்கிச் சாப்பிட வேண்டுமே என்பது அவளுக்கு எவ்வளவு கசந்தது என்று எனக்கு விளங்கியது.

இந்த நேரத்தில்தான் எட்வின் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், ஒல்லாந்தர் இரத்தம் கலந்த பறங்கியர், மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எங்கட ஆக்கள்ற வருத்தமெல்லோ மச்சான் இது! உனக்கு ஆரு தந்த?” என்றார். போகும்போது என் வேலியோரத்துப் பப்பாசியில் ஒரு காயைப் பிடுங்கினார். “இறைச்சிக்குப் போடப் போறன். இதைப் போட்டா எந்த முத்தல் மாடும் பஞ்சு.”

பாவம், அவர் சமையலைப் பற்றித்தான் சொன்னார்.

என் மூளை வேறு கணக்குப் போட்டது. இறைச்சியை எது பஞ்சாக்குகிறது? பப்பாசிப் பாலில் உள்ள நொதியம். டொக்டர் எந்த ஊசி இங்கே கிடைக்காது என்றார்? நொதிய ஊசி. மருந்து என் வேலியோரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது! வெட்டும் வேண்டாம், கட்டும் வேண்டாம், மைத்துனியும் வேண்டாம்.

மத்தியானம் கமலா கண்ணயர்ந்த பிறகு, காயைக் கீறிப் பாலை எடுத்து உள்ளங்கை முழுக்கப் பூசித் துணியால் இறுக்கிக் கட்டினேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்றுதானே நாம் எல்லோரும் நம்புகிறோம்? பின்னேரம் அவிழ்த்தேன்.

நார் அப்படியே இருந்தது. தோல்தான் துணியோடு வந்துவிட்டது.

உள்ளங்கையைக் காட்டாமல் விரல் நுனியாலேயே ஊட்டி, இரண்டொரு நாள் மறைத்தேன். ஒபரேசன் திகதி அன்று மறைக்க முடியவில்லை. டொக்டர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கையைப் பார்த்தார்.

“என்னது ஐயா இது?”

“பப்பாசிப் பால், டொக்டர்.”

அவர் ஏசியிருந்தால் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். ஏசவில்லை. “அது தோலுக்குள்ள இறங்கி நாருக்குப் போகாது ஐயா. மேலாலதான் புண்ணாக்கும். புண்ணில கத்தி வைக்கேலாது” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். புண் ஆற வேண்டும். பிறகு திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை நடு மூட்டு எனக்காகக் காத்திருக்குமா என்று கேட்டேன். “சொல்லேலாது” என்றார். மருந்து வைத்துப் பெரிதாக ஒரு கட்டுப் போட்டுவிட்டார்கள். ஒபரேசன் இல்லாமலே கட்டு!

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. எட்வின் வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் வந்து மேசையில் மூடி வைக்கப்பட்டிருந்தது. தங்கை பின்னேர பஸ்ஸில்தான் வருவாள். கமலா கதிரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. நான் எதிரே இருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பப்பாசி, துணி, தோல், தவறிப்போன திகதி, நிமிராமலே போகக்கூடிய விரல். இடையில் ஒரு பகிடியும் விட்டுப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தாள். பிறகு சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். இடது கையை உள்ளே வைத்தாள். பழக்கமில்லாத கை. குழம்பு விளிம்பைத் தாண்டி மேசையில் ஓடியது, சோறு சிதறியது. நிறுத்தவில்லை. ஒருமாதிரி ஒரு பிடி சேர்த்து எடுத்து, மேசைக்கு மேலால் என் பக்கம் நீட்டினாள்.

“கமலா, இடது கையாலயா? இவ்வளவு நாளும் மாட்டன் எண்டுட்டு இப்ப எனக்காக... எல்லாம் என்ட பிழை, நான் அந்தப் பப்பாசியைத் தொட்டிருக்கவே...”

“கதைய விட்டுட்டு வாயத் திறங்க.”