மணவாளன் வீட்டுத் தகரம்

கரையாம்புத்தூரில் மணவாளனைப் போல யோசிக்கிற ஆள் கிடையாது. யோசிக்காமல் செய்கிறவன் தப்பை அரைகுறையாகச் செய்வான். மணவாளன் யோசித்துச் செய்வதால் அது முழுசாக இருக்கும். ஊர் நெல் நட்டால் இவன் கரும்பு வைப்பான். ஊர் கரும்புக்கு வந்தால் இவன் நெல்லுக்குப் போவான். எது வைத்தாலும் அந்த வருஷம் அதற்குத்தான் விலை விழும்.

மகள் சின்னபொண்ணுக்குப் பாகூரிலிருந்து வரன் வந்தது. ஏரிப் பாசனத்தில் நஞ்சை உள்ள குடும்பம். பையனை அவள் வில்லியனூர்த் தேரில் பார்த்திருக்கிறாள், மனசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் தரகன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். பையனின் அம்மா கலியம்மாள் கூரை வீட்டில் கை நனைக்க மாட்டாளாம். மணவாளன் வீடோ கரும்புச் சோகை வேய்ந்த கூரை வீடு.

நாட்டு ஓடு போட்டுவிடலாம் என்றாள் மனைவி தெய்வநாயகி. மணவாளன் பொறுமையாக அவளுக்கு விளக்கினான். மண்சுவர் ஓட்டுப் பாரம் தாங்காது, குரங்கு வந்து ஓட்டைப் புரட்டும், சோகை எலிக்கு மாமியார் வீடு. ஆகையால் தகரம். பிரெஞ்சு சர்க்கார் சுங்கச் சாவடிக்கே தகரம்தானே போட்டிருக்கிறது, துரைமார்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று கேட்டான். அந்தச் சாவடிச் சிப்பாய்கள் பகல் முழுக்க எதிரே புளியமரத்தடியில்தான் கிடப்பார்கள். ஏன் என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை.

புதுச்சேரியில் கப்பலில் வந்து இறங்கிய தகரம் மாட்டுவண்டியில் ஊருக்கு வந்தது. மாசிப் பனியில் வேலை முடிந்தது. வெயிலில் அது மின்னியதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். மணவாளன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் விவரம் சொன்னான். எதிர்வீட்டுச் சம்மந்தம் வழக்கம்போல் புதுச் சோகை வேய்ந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்து மணவாளன் பரிதாபப்பட்டான்.

வைகாசியில், கத்திரி வெயிலில், பாகூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். கலியம்மாள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். உச்சிவேளை. பணியாரம் சுட்டதுபோக, பணியாரச் சட்டிக்குள்ளேயே விருந்தாளியை உட்காரவைத்த கதையாகிவிட்டது. பையனின் அப்பா துண்டால் விசிறிக்கொண்டே விளைச்சல் பற்றி ஏதோ கேட்டார். மணவாளன் தகரத்தின் அருமையைச் சொல்ல ஆரம்பித்தான். அவன் பேச்சு மழைக்காலத்துக்கு வந்துசேர்வதற்குள் கலியம்மாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சின்னபொண்ணு பட்டுப்புடவையோடு காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வரும்போது, அந்த அம்மாளை நாலு பேர் தூக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நிழல் என்று இருந்தது சம்மந்தத்தின் வீடுதான். அவன் மகள் கனகாம்பாள் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள், மோர் கொடுத்தாள், பனைமட்டை விசிறியால் வீசினாள். கலியம்மாள் அங்கேயே படுத்து ஒரு தூக்கம் போட்டு, பொழுது சாய எழுந்தாள். பசித்தது. கை நனைத்தாள்.

அடுத்த வாரம் தரகன் வந்தான், எதிர்வீட்டுக்கு. கலியம்மாள் சொன்னதாக அவன் சொன்னது இதுதான்:

"சோகையோ ஓடோ, எனக்கு உசுரு வந்தது அந்த வூட்லதான்."

தெய்வநாயகி மூன்று நாள் புருஷனுக்குச் சோற்றைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள். சின்னபொண்ணு பட்டுப்புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதுதான் பார்க்கப் பாவமாக இருந்தது. எதிர்வீட்டில் பந்தக்கால் நட்ட அன்று மணவாளன் பெண்டாட்டியை உட்காரவைத்து, தான் யோசித்ததைச் சொன்னான்.

"தகரத்துமேல இன்னா குத்தம்? அவங்க வந்த மாசம்தான் சரியில்ல."

சின்னபொண்ணு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அப்ப அடுத்தவங்கள மார்கழில பொண்ணு பாக்க வரச் சொல்லுபா."