தம்பிராஜாவின் நிலாக் கணக்கு

தம்பிராஜா கட்டிய வானொலி மாதத்தில் மூன்று நாள் ஊமையாகிவிடும். ஏன் என்பது ஒன்றரை வருடமாக அவருக்குப் பிடிபடவில்லை.

காஜா பெராங் ஊரில் வீடு. பஸ் பட்டறையில் மின்வேலை. ராணுவம் கழித்துப்போட்ட இரண்டு வால்வு, ஒரு பிஸ்கட் டின், பழைய பஸ் பேட்டரி, அதுதான் வானொலி. அதற்கு முன் அவர் வாசலில் மாட்டிய அழைப்பு மணி தபால்காரரைத் தூக்கியடித்தது. அன்றிலிருந்து கடிதங்கள் வேலிக்கு மேலாகப் பறந்து வந்தன.

வானொலியிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போக வேண்டும். மண் ஈரமாக இருந்தால்தான் குரல் எடுக்கும். கொல்லையில் எப்போதும் ஈரமான இடம் துளசியின் அடி. மனைவி ருக்மணி தினமும் குளித்துவிட்டுத் தண்ணீர் விடுவாள். செப்புக் கம்பியை அங்கே அடித்து இறக்கினார்.

ஊமை நாள்களை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டார். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வந்தது. நிலாவின் வேலைதான் என்று முடிவுகட்டி, காப்பிக் கடையில் விளக்கமும் கொடுத்தார்.

ருக்மணி வட்டங்களைப் பார்த்துத் திகைத்தாள். எல்லாம் அவள் வீட்டுக்கு விலக்கான நாள்கள். இந்த மனுஷன் ஏன் இதைக் கூடத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்? நாள்காட்டியின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள்.

1957, ஆகஸ்டு 31. காலையில் கோலாலம்பூரிலிருந்து சுதந்திரப் பிரகடனம் ஒலிபரப்பாகும். தெருவே கேட்கலாம் என்று தம்பிராஜா வாக்குக் கொடுத்திருந்தார். கணக்குப்படி நிலா செப்டம்பர் நாலில்தான் கைவைக்கும். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று மூன்று நாளாக வானொலியைப் போட்டுப் பார்க்கவில்லை.

ருக்மணியின் அண்ணன் கலியாணசுந்தரம் செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இது பேசலைன்னா வாசல் லோங்காங் சாக்கடைல போட்டுடணும் மாப்ள. அப்புறம் ஆயுசுக்கும் ஒயரைத் தொடக்கூடாது. சரியா லா?"

"சரி மச்சான்."

சொல்லும்போதே விரல்கள் நமநமத்தன.

நாற்பது பேர் கூடினார்கள். டின் 'ம்ம்ம்' என்றது. தட்டினார். குலுக்கினார். மறுபடியும் 'ம்ம்ம்'.

"நிலாவுக்கு இன்னிக்குப் பொது விடுமுறை இல்லையா மாப்ள? லோங்காங் ரெடியா இருக்கு."

கொல்லைக் கதவோரம் நின்று ருக்மணி கூப்பிட்டாள்.

"என்னங்க. துளசிக்கு நான் மூணு நாளா தண்ணி விடலை."

"இப்ப அதுவா முக்கியம்?"

"நான் பக்கத்துல போகக்கூடாதுல்ல. நீங்கதான் மாசாமாசம் வட்டம் போட்டு வெச்சிருக்கீங்களே. இந்தத் தடவை முந்திக்கிச்சு."

தம்பிராஜா அவளைப் பார்த்தார். நாள்காட்டித் துண்டைப் பார்த்தார். பிறகு வாளியோடு ஓடினார். துளசி முங்குகிற அளவுக்குக் கொட்டினார்.

டின் தொண்டையைச் செருமிக்கொண்டு "மெர்டேக்கா!" என்று விடுதலை முழக்கத்தை அலறியது. முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசை மேல் விழுந்தார்கள். இன்னும் மூன்று முறை அலறியது.

"நிலாவுக்கு என்னதான் ஆச்சு மாப்ள?"

"தாகம் மச்சான்."

மறுநாள் கலியாணசுந்தரம் பத்திரிகையோடு வந்தார். "ஏழு தடவை சொன்னாங்களாம். நமக்கு நாலுதான் வந்துச்சு. மூணு பாக்கி."

தெரு கூடி அந்த மூன்றையும் கத்தித் தீர்த்தது. வானொலி லோங்காங்கிலிருந்து தப்பியது.

அன்றிலிருந்து மாதம் மூன்று நாள் துளசிக்குத் தண்ணீர் தம்பிராஜாவின் வேலை. டிரான்சிஸ்டர் வந்தது, மண் கம்பி தேவைப்படவில்லை. ருக்மணிக்கு வயதானது, அந்த நாள்களும் நின்றன. அவர் நிறுத்தவில்லை.

போன மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். மகள் கோகிலா வாளியோடு கொல்லைக்குப் போனாள்.

"கம்பிப் பக்கமா ஊத்து" என்றாள் ருக்மணி.