சந்தனம் வைத்த பாயிண்ட்

மகளின் பிரசவத்துக்கென்று என் மனைவி ஆஸ்திரேலியா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. குழந்தைக்குச் சளி, மகளுக்கு வேலை என்று டிக்கெட் தள்ளிக்கொண்டே போனது. என் பொறுப்பில் அவள் விட்டுப்போனது நாற்பது முல்லைச் செடிகள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கரண்ட் கம்பம் எட்டாத மேட்டில் அவளே குழி எடுத்து நட்டவை.

"நான் வாரப்போ பூத்திருக்கோணுமுங்க. இல்லீன்னா அப்படியே திரும்பிப் போயிருவேன், ஆமா" என்று ஏர்போர்ட்டில் மிரட்டினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் செடி பிழைத்தால்தான் அவள் வருவாள் என்று என் மண்டைக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம் உட்கார்ந்துகொண்டது.

குட்டையிலிருந்து அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு சின்னப் பெட்ரோல் இன்ஜின் வைத்திருக்கிறோம். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஓடும். சித்திரை வெயிலில் அது திக்க ஆரம்பித்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி மஞ்சளாக, சோம்பலாக விழுந்தது. கோபிக்குப் போய்ப் புது பிளக், கண்டென்சர், பாயிண்ட் எல்லாம் வாங்கி வந்தேன். பாயிண்ட் என்பது இரண்டு சின்ன இரும்புப் பற்கள். அவை தொட்டுப் பிரிகிற கணத்தில்தான் பிளக்கில் பொறி வரும்.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் மாட்டுவதில்லை. மண்வெட்டி, மொபெட் டயர், மிக்ஸி ஜார் எதுவானாலும் சரி. அது அவள் இலாகா. இந்த முறை நானே வைத்தேன். வைக்கும்போது அவள் பக்கத்தில் நிற்பது போல் இருந்தது, அதனால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

மாட்டி, இழுத்தேன். மூச்சே இல்லை. அட கிரகமே! பழையது இருமிக்கொண்டாவது ஓடியது. புதிதில் மஞ்சள் பொறிகூட இல்லை. பிளக்கை மாற்றினேன், பழைய கண்டென்சரையே திரும்பப் போட்டேன், ஒயரைச் சுரண்டினேன், ஆஃப் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். பழைய பாயிண்ட் கழற்றும்போதே உடைந்துவிட்டிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். இத்தனை வருஷம் என் கையால் ஓட்டிய இன்ஜினில் இன்னொருவன் கை வைப்பதா என்று வீம்பு.

மூன்று நாள். குடத்தில் சுமந்து ஊற்றியதில் குட்டையைப் பார்த்த சரிவில் இருந்த மூன்று செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. மற்றவை இலை சுருண்டு தொங்கின. மூன்றாம் நாள் காலை, இழுத்து இழுத்துத் தோள் கழன்ற ஆத்திரத்தில் இன்ஜினை ஓங்கி உதைத்தேன். என் கட்டைவிரல்தான் வீங்கியது. அவள் இருந்தால் வாயாரத் திட்டிக்கொண்டே எண்ணெய் தேய்த்துவிடுவாள். வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயசில் பெண்டாட்டி ஊரில் இல்லையென்று அழுதேன், அதை எழுதுவதில் எனக்கொன்றும் வெட்கமில்லை.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால். முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த மூன்று செடிகளைக் காட்டினேன்.

"மூணு நாளா இந்த மூணையே காட்றீங்க. மத்ததெல்லாம் எங்கீங்க, மேயப் போயிருச்சா?"

மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "புதுச் சாமானுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெக்காம? நல்லா கொழைச்சு, அந்தப் பாயிண்ட்டு ரெண்டு பல்லு மேலயும் வெச்சேன், புள்ள."

குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். "ஏனுங்க, நான் எப்பவும் அட்டைப்பொட்டிக்குத்தானுங்க வெப்பேன்! சாமானுக்குள்ளயா கொண்டுபோய் அப்புவாங்க?"

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல் இருந்தது. அவள் பொட்டு வைத்துத் தரும் பெட்டியைப் பிரித்துச் சாமானை எடுத்து மாட்டியிருக்கிறேன், எத்தனையோ தடவை. பொட்டு எங்கே இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சந்தனம் காய்ந்து பற்களுக்கு நடுவே பாலாடை போல் நிற்கிறது. இரும்பும் இரும்பும் தொடாமல் பொறி எங்கிருந்து வரும்?

"இரு, வாரேன்" என்று போனை வைத்தேன்.

பாயிண்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்தேன். துணியில் வாசம் வந்தது. பிளக்கை இன்ஜின் மேல் சாய்த்து இழுத்துப் பார்த்தேன். நீலமாகப் பொறி, சுருக்கென்று. எல்லாவற்றையும் மாட்டி இரண்டாவது இழுப்பு இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் மேடேறிக் கொட்டியது. எல்லாச் செடிக்கும் தண்ணீர் விட்டேன். சுருண்டவற்றில் எத்தனை பிழைக்கும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். வாயெல்லாம் பல்லாகப் போனை இன்ஜின் பக்கம் நீட்டி, "கேட்டுக்க, புள்ள!" என்று கத்தினேன். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரையைப் பார்த்தால், அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"என்ன புள்ள, என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, இன்ஜினை நிறுத்தக் கை நீட்டினேன்.

"ஆஃப் பண்ணாதீங்க" என்றாள். "இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டுமுங்க."

தண்ணீர் போதும், பாத்தி தளும்பி வரப்பு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. டேங்கில் பெட்ரோல் தீர்ந்து அது தானாக நிற்கும் வரை போனை நீட்டிக்கொண்டு நின்றேன்.